எண்ணெய் பூசிய வலைகள்

மில்லர்புரம், தூத்துக்குடி
7-11-1971

அன்புள்ள சௌந்தரிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் நலம். நீ ஜபல்பூர் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. இட்டார்சியில் வண்டி மாறும்போது பெட்டியைச் சுமந்து தந்த சிப்பாயைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல பிள்ளை. ஆனால் தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டு, தாய் பெட்டி தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போன கதையை நம் இரண்டு குடும்பத்திலும் நான் கேட்டதில்லை. ரயிலெல்லாம் பட்டாளம் நிறைந்து போகிறது, இந்த நிலையில் மகள் கிருபைக்குப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லியிருப்பார். அந்த டாக்டரைப் போய்க் கேட்டது யார் என்பதும் எனக்குத் தெரியும். இதற்குமேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

பட்டாளத்துக்கு முடிந்த மறைப்பு வலை முழுவதும் போன வியாழக்கிழமை சரக்கு வண்டியில் ஏறிவிட்டது. நீ கிளம்பும்போது கடைசிக் கட்டுகளுக்குச் சணல் நாடா கோத்துக்கொண்டிருந்தார்கள். பச்சையும் காவியுமாக நாடா கோத்து முடித்ததும், நம் வலைக்கூடத்து முற்றத்தில் உப்பு வண்டி ஒன்றை நிறுத்தி அதன்மேல் ஒரு வலையைப் போர்த்திப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி நின்றால் வண்டி தெரியவில்லை, உடைமரப் புதர்தான் தெரிந்தது. பீரங்கிக்கும் அப்படித்தான் தெரியும். சீனித்தாய் பார்த்துவிட்டு, "அக்கா இருந்தா இத ஒரு தரம் தொட்டுப் பாத்திருப்பாவ" என்றாள். நம் கல்யாணத்துக்கு முன்னால் உன்னோடு உட்கார்ந்து முடிச்சுப் போட்டவர்களில் இப்போது அவள் ஒருத்திதான் கூடத்தில் இருக்கிறாள். மற்றவர்களெல்லாம் அவர்கள் பெற்ற மகள்கள்.

நூலைப் பட்டைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து, அதன்மேல் மணப்பாட்டிலிருந்து வரவழைத்த சுறா எண்ணெய் பூசினேன். கடலுக்குப் போகிற வலைக்கு ஒரு பூச்சு. இது தேசத்துக்குப் போவதால் இரண்டு பூச்சு. மழையும் சேறுமான ஊருக்குப் போகிற வலை, நூல் அழுகிவிடக்கூடாது. ஆவுடையப்பன் கணக்கு மேசையை விட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, இது பட்டாளத்துச் சரக்கு. கடலுக்குப் போறதுன்னு நெனச்சு எண்ணெய் ஊத்துதியளே."

"பட்டாளத்துக்காரனுக்குக் கண்ணுதாம்வே வேணும். மூக்கு எதுக்கு?" என்றேன்.

ரயில்வே சரக்கு ஆபீஸில் நம் கட்டுகளுக்குத் தனி வேகன் கொடுத்தார்கள். ராணுவச் சரக்கு என்கிற மரியாதை. ஆவுடையப்பன் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பட்டாளத்துக்கு வலை தேவைப்படுகிறது என்று முதலில் எனக்கு எழுதியது உன் மருமகன். அங்கே ராணுவச் சரக்கு டிப்போவில் அதைப் பிரித்துச் சோதிக்கப் போகிறவரும் அவரே. பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

உன் அன்புள்ள,
ம. ஜேசுபாதம்

*

ஜபல்பூர்
24-11-1971

அன்புள்ள அத்தானுக்கு,

சௌந்தரி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கிருபைக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்கிறாள். ஆமாம், டாக்டரைப் போய்க் கேட்டது நான்தான். மாப்பிள்ளை மேல் போட வேண்டாம். நான் வைத்துவிட்டு வந்த நார்த்தங்காய் ஊறுகாய் இதற்குள் தீர்ந்திருக்கும். ஆவுடையப்பன் வீட்டில் கேட்டால் தருவார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

வலை வந்து சேர்ந்தது. யாரும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். "அத்தே, சட்டையக் கழத்தி வெளியப் போட்டுட்டு வாரேன், கிருபைக்குக் கொமட்டும்" என்றார். நான் அந்தச் சட்டையை வாங்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். துவைக்கத்தான் கொண்டுபோனேன். ஆனால் முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நம் கூடம், சாயத் தொட்டி, எண்ணெய்க் கையோடு நீங்கள் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிடுவது, எல்லாம் அந்தச் சட்டையில் இருந்தது. கிருபை வந்து, "ஏம்மா, அழுக்குச் சட்டைய வச்சு என்ன செய்த?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து வாசியுங்கள்.

பயிற்சி மைதானத்தில் ஒரு பீரங்கி மேல் நம் வலையைப் போர்த்திப் பார்த்தார்கள். வலைக்கண் அளவு, முடிச்சு, நிறம் எதிலும் குறையில்லை. இவ்வளவு இறுக்கமான முடிச்சை வேறு எந்த ஊர் வலையிலும் பார்க்கவில்லை என்று மேஜர் சொன்னாராம். ஆனால் வெயில் ஏறியதும் எண்ணெய் வாடை கிளம்பிவிட்டது. முதலில் காக்கை வந்தது. பிறகு பருந்து வந்து மேலே சுற்ற ஆரம்பித்தது. ஒன்று இரண்டல்ல, இந்த ஊர்ப் பருந்தெல்லாம் வந்துவிட்டதாம். கம்பி வேலிக்கு அடியில் நாய்கள் நுழைந்து வந்து வலையை நக்கின. மேஜர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "எதிரி விமானத்துக்கு இனி வேறு அடையாளம் வேண்டாம்" என்றாராம்.

எல்லாக் கட்டின்மேலும் சுண்ணாம்பால் தள்ளுபடிக் குறி போட்டார்கள். போட்டது மாப்பிள்ளை கை. அது அவர் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "மாமா செஞ்ச சரக்குல நானே குறி போட்டுட்டேன் அத்தே. போடலன்னா அதுக்கு அடியில நிக்கப்போறவன் சாவான். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளதான" என்றார்.

சண்டை எந்த நாளும் தொடங்கலாம் என்கிறார்கள். எண்ணெயை எடுத்துவிட்டால் இதே வலையை அனுப்பலாமாம். எடுக்கிற வழியை உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார் மாப்பிள்ளை. அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புள்ள,
சௌந்தரி

*

மில்லர்புரம்
5-12-1971

சௌந்தரிக்கு,

கடிதம் கிடைத்தது. சண்டை தொடங்கிவிட்டதை ரேடியோவில் கேட்டேன். இங்கே துறைமுகத்தில் விளக்குகளுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். தெற்கு வாசல் ஜன்னலுக்கு நானும் ஒட்டினேன்.

பருந்தும் நாயும் வந்தது என் குற்றமா? ஜபல்பூரில் நாய்க்கு யாரும் சோறு வைப்பதில்லை என்றுதான் எனக்குத் தெரிகிறது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் இதே கூடத்திலிருந்து பர்மா போர்முனைக்கு வலை போனது. அதே சாயம், அதே மணப்பாட்டு எண்ணெய். ஒரு சொல் குறை வந்ததா? நீதான் அங்கே உட்கார்ந்திருந்தாயே, நீயே சொல். கிழக்குச் சுவரோரம் உன் இடம். நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த பெண் வலை முடிய வந்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. உன் அப்பா கொழும்பில் மாட்டிக்கொண்டு கப்பல் இல்லாமல் இருந்த வருஷம் அது. நீ மூங்கில் ஊசியைப் பார்க்காமலே முடிச்சுப் போடுவாய். பார்வை கடலில் இருக்கும், விரல் மட்டும் ஓடும். உன் தலைமயிரெல்லாம் பஞ்சுத் துகள் ஒட்டி, வேலை விடும் நேரத்தில் கிழவி மாதிரி இருப்பாய். அதைச் சொல்லித்தான் உன்னிடம் முதலில் பேச்சுக் கொடுத்தேன். "ஏளா, அதுக்குள்ள நரச்சிட்டா?" என்று கேட்டேன். மறுநாள் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாய்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அந்த வலைக்கு வந்த இங்கிலீஷ் உத்தரவை ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பிரித்து நானே படித்தேன். யாரிடமும் போய் நிற்கவில்லை. கண் அளவு எவ்வளவு, நாடா எவ்வளவு நீளம் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். எண்ணெய் போடக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. இப்போது வந்த உத்தரவிலும் இல்லை. இருந்தால் காட்டச் சொல்.

எண்ணெயை எடுக்கிற வழி எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நல்லது என்று நினைத்து நான் பூசியதை, தப்பு என்று ஒப்புக்கொண்டு நானே கழுவச் சொல்ல வேண்டுமா? என் மகளைக் கட்டியவர் என் சரக்கின்மேல் சுண்ணாம்பு போட்டிருக்கிறார். குறியை அவர் அழிக்கட்டும். அப்புறம் நீ கேட்ட ஒரு வரியைப் பற்றிப் பேசலாம்.

கிருபை உடம்பைப் பார்த்துக்கொள்.

ம. ஜேசுபாதம்

*

ஜபல்பூர்
3-1-1972

அன்புள்ள அத்தானுக்கு,

புது வருஷ ஆசீர்வாதம். தந்தி கிடைத்திருக்கும். டிசம்பர் பதினொன்றில் பேரன் பிறந்தான். நல்ல நிறை. மூக்கு உங்களுடையது. கோபத்தில் உதட்டை மடித்துக்கொள்வதும் உங்களைப் போலத்தான். கிருபை நன்றாக இருக்கிறாள்.

உங்கள் கடிதம் மிகவும் தாமதமாக வந்தது. விலாசத்தில் மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டீர்கள். இந்தக் குவார்ட்டர்ஸில் ஞானசௌந்தரியைத் தபால்காரனுக்குத் தெரியாது, கிருபையையும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது சத்தியராஜ் என்கிற பெயர் ஒன்றுதான். ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் டிப்போ வாசலில் அவர் கையிலேயே கொடுத்தான். தன் பெயர் இல்லாத கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டு, "மாமா அவசரத்துல விட்டிருப்பாவ" என்றார்.

சண்டை முடிந்தது உங்களுக்குத் தெரியும். வலை என்ன ஆனது என்பதை நான் சொல்கிறேன்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்க நேரமில்லை. உங்களுக்குத் தெரிந்த வழி எனக்கும் தெரியும் என்பது உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? சோப்பைப் போல நுரைக்கிற பூவந்திக்கொட்டை இங்கே மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. டிப்போ முற்றத்தில் பெரிய பெரிய அண்டாக்களை வைத்துச் சாம்பல் தண்ணீரைக் காய்ச்சினோம். வலையை முதலில் அதில் ஊறப்போட்டு, பிறகு பூவந்தி நுரையில் மிதித்தோம். குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணின் புருஷன் மேற்கு முனையில் பீரங்கிக்காரன். அவள் என் பாஷை தெரியாமல், நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். மற்றவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டார்கள், அவள் கட்டவில்லை. இந்தக் குளிரில் தண்ணீரில் நின்றதில் என் பாதமெல்லாம் வெடித்துவிட்டது.

தள்ளுபடி செய்த சரக்கைத் தூரப் போட்டுவிட்டு வேறு ஊர் வலையை வாங்கலாம் என்றுதான் மேலிடத்தில் சொன்னார்களாம். மாப்பிள்ளைதான் மேஜர் முன்னால் போய் நின்று, "முடிச்சு நல்லதென்று நீங்களே சொன்னீர்கள், எனக்கு ஒரு வாரம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினார். காய்ந்த வலையை மறுபடி மைதானத்தில் போர்த்தினார்கள். ஒரு காக்கை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. சுண்ணாம்புக் குறியை அவரே ஈரத்துணியால் துடைத்தார். நீங்கள் கேட்பதற்கு முன்பே துடைத்துவிட்டார். நம் கூடத்துத் தகர முத்திரையோடு வலை போர்முனைக்குப் போனது. பஞ்சாபிப் பெண்ணின் புருஷன் உயிரோடு இருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. அவன் தலைக்குமேல் இருந்தது நம் வலையா என்று எனக்குத் தெரியாது. அவள் நம் வலைதான் என்று சொல்லிக்கொள்கிறாள்.

பர்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரங்கூனிலிருந்து நடந்து வந்த உங்கள் பெரியப்பா மகன் சொன்னதை மறந்துவிட்டீர்களா? அங்கே வீட்டுக்கு வீடு மீனை அழுகவைத்துச் சோற்றில் பிசைந்து தின்பார்களாம். அந்த ஊரில் நம் வலை வாடை எந்தப் பருந்துக்குத் தெரியப்போகிறது?

அன்று முக்காடு போட்டுக்கொண்டு வந்தது உங்களுக்குப் பயந்து அல்ல. சிரிப்பை மறைக்க.

அவருக்கு ஒரு வரி எழுதுங்கள் அத்தான். தப்பு என்று எழுத வேண்டாம். சுகமா என்று எழுதினால் போதும்.

அன்புள்ள,
சௌந்தரி

*

மில்லர்புரம்
20-1-1972

சௌந்தரிக்கு,

பேரன் பிறந்த செய்திக்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஞாயிறு ஆராதனையில் பாதிரி ஐயர் கிருபை பெயரைச் சொல்லி ஜெபித்தார். பிள்ளை பெற்றவளுக்கான காயமருந்து இடித்து, உடன்குடிக் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் கிருபை பெயருக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன்.

அவர் குறி போட்டதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அவர் வேற்றாள். நீ என் வலையைத் துவைத்தாய் என்று வாசித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த எண்ணெயை யாரிடமும் விடாமல் என் கையால் பூசினேன். இந்த வயதில், இரண்டு பூச்சு. தோள் இன்னும் சரியாகவில்லை. என்னைக் கேட்காமல் அதை எடுத்துவிட்டாய்.

வலை போர்முனைக்குப் போனது என்று ஆவுடையப்பன் கூடத்தில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. போனது என் வலையா, நீ கழுவிய வலையா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பா கொழும்பிலிருந்து திரும்பி வந்து, "படிக்காத பயலுக்கா பொண்ணக் குடுக்க?" என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அவரு செஞ்சத அவிழ்க்க முடியாதுப்பா" என்று சொன்னாய். முடிச்சைப் பற்றித்தான் சொன்னாய். அதைச் சொல்லியே என்னைக் கட்டிக்கொண்டாய். இப்போது பூவந்திக்கொட்டை போட்டு மிதித்திருக்கிறாய்.

அவருக்கு எழுத மாட்டேன். கிருபைக்கு நாற்பது நாள் இன்றோடு கழிகிறது, நீ வருவதானால் வா. அங்கேயே இருப்பது சௌகரியம் என்றால் இரு. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும்.

ம. ஜேசுபாதம்

*

ஜபல்பூர்
15-2-1972

அத்தானுக்கு,

பார்சல் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதிலும் மாப்பிள்ளை பெயர் இல்லை. தபாலாபீஸ் மூலையில் கிடந்து எறும்பு மொய்த்து, எறும்பு மொய்த்த கருப்பட்டியைப் பார்த்துத்தான் தெற்கத்திக்காரர் வீட்டுச் சரக்கு என்று கண்டுபிடித்துச் சொல்லி அனுப்பினார்களாம். கருப்பட்டியில் பாதி போய்விட்டது. காயமருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருபை முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள்.

நான் அவிழ்க்கவில்லை. ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. மிதித்து அலசிக் காயப்போட்ட பிறகு ஒவ்வொரு வலையாக விரித்துக் கையால் தடவிப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. எண்ணெய்தான் போனது. கடைசி வலையும் காய்ந்தபோது அந்த முற்றத்தில் வாடையே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் தூத்துக்குடி ரயிலைக் கண் முன்னால் தவறவிட்ட மாதிரி இருந்தது. இதை மாப்பிள்ளையிடமும் சொல்லவில்லை.

பேரன் தூங்க மாட்டேன் என்கிறான். இங்கே இரும்புக் கட்டில்தான். அதில் போட்டதும் வீறிடுகிறான். குளிர் விட்டதிலிருந்து, சேலையில் தொட்டில் கட்டினால் புழுக்கம் என்று அழுகிறான்.

"மாமாகிட்ட இருந்து ஏதும் வந்துச்சா அத்தே?" என்று மாப்பிள்ளை தபால் வருகிற நாளெல்லாம் கேட்கிறார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், கிருபைக்கு வந்திருக்கிறது, எனக்கு வந்திருக்கிறது என்று சொல்கிறேன். அவர் ஊரான சாயர்புரத்தில் அவருக்கு அப்பா இல்லை. உங்களுக்குத் தெரியும்.

நாற்பது நாள் கழிந்துவிட்டது. நான் வருவதற்குப் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. அவருக்கு நீங்கள் ஒரு வரி எழுதாதவரை இந்த வீட்டு வாசலைத் தாண்டி அந்த வீட்டுக்கு என்னால் வர முடியாது. எந்த முகத்தோடு அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவேன்? இதைப் பற்றி இனி எழுத மாட்டேன். உங்களைப் போல எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறவள் அல்ல நான்.

சௌந்தரி

*

மில்லர்புரம்
12-3-1972

அன்புள்ள சௌந்தரிக்கு,

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. சொன்னதைச் செய்கிறாய்.

கூடத்துக்கு மறுபடியும் மறைப்பு வலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. டிப்போவில் முத்திரையைப் பார்த்து, இதே கூடத்து வலைதான் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். உத்தரவைப் பழைய அகராதியோடு முழுக்கப் படித்தேன். எண்ணெய் கூடாது என்று இந்தத் தடவையும் எழுதவில்லை. ஆவுடையப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, மணப்பாட்டுக்கு ஆள் அனுப்பட்டா?" என்றார். இந்த வருஷம் சுறா வரத்துக் குறைவு, வேண்டாம் என்றேன். மணப்பாட்டில் இந்த வருஷம் சுறா நல்ல வரத்து என்று சீனித்தாய் உள்ளேயிருந்து சொன்னாள். அவளை யாரும் கேட்கவில்லை.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பேரனுக்குத் தொட்டில். புது நூலில் நானே முடிந்தது. காற்று உள்ளே போகும், புழுங்காது. கண்ணைச் சிறியதாக வைத்திருக்கிறேன், பிள்ளையின் விரல் மாட்டாது. உன் கையின் ஓட்டம் எனக்கு இல்லை, ஓரத்தில் இரண்டு இடத்தில் கோணலாக வந்திருக்கிறது. அவிழ்க்கப் பார்த்தேன், அவிழவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். மேலே உத்தரத்தில் மாட்டுவதற்கு நல்ல கயிறும் வைத்திருக்கிறேன். உயரமாகக் கட்டச் சொல், எட்டி உதைப்பான்.

அதில் எண்ணெய் பூசவில்லை. யாரும் சொன்னதற்காக அல்ல. பிள்ளை கடலுக்குப் போகப்போவதில்லை.

பார்சலின்மேல் விலாசம் சரியாக எழுதியிருக்கிறேன். சாயர்புரம் தே. சத்தியராஜ் அவர்கள், சோதனை அதிகாரி, குவார்ட்டர்ஸ் நம்பர், ஜபல்பூர். ஒரு வரி கேட்டாய். மூன்று வரி எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துத்தான் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும்.

தெற்கு வாசல் ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை. உனக்கு எட்டும், எனக்குத் தோள் தூக்க முடியவில்லை.

தொட்டில் கயிற்றின் நுனியில், முடிச்சுக்கு மேலே, ஒரு சாண் அளவுக்கு மட்டும் எண்ணெய் தடவியிருக்கிறேன். உத்தரத்துப் பக்கம் அது, பிள்ளைக்கு வாடை வராது. நீ கயிற்றைக் கட்டும்போது முகத்துக்கு நேரே வரும்.

அந்த ஒரு சாண் பேரனுக்கு அல்ல.

உன் அன்புள்ள,
ஜேசுபாதம்